ஓடாத நாளைக் கவனியுங்கள்: வளரிளம் பிள்ளைகளின் கட்டாய உடற்பயிற்சியும் உண்ணுதல் கோளாறும்

விடியும் முன்பே கல்லணைக் கால்வாய்க் கரையிலும் கொள்ளிடக் கரையிலும் பள்ளி மைதானங்களிலும் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்தால் மனம் நிறைகிறது. காவலர் தேர்வுக்கு ஓடுகிறவர்கள், ராணுவத்தில் சேர ஓடுகிறவர்கள், மாவட்டப் போட்டிக்கு ஓடுகிறவர்கள் என்று கரை முழுக்கக் கால் தடங்கள். 5 முதல் 17 வயது வரையிலானவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்றாக இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உலகெங்கும் பெரும்பாலான பிள்ளைகள் அதை எட்டுவதே இல்லை. ஆகவே ஓட்டத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

அந்தக் கூட்டத்திலேயே ஓடப் பிடித்து ஓடாமல், ஓடாவிட்டால் தாங்க முடியாது என்பதற்காக ஓடும் பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். ஊர் அந்தப் பிள்ளையைத்தான் அதிகம் பாராட்டும். "எவ்வளவு கட்டுப்பாடு பாருங்கள்" என்று மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடகளப் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பாராட்டுதான், உண்ணுதல் கோளாறு என்ற நோயை மறைக்கும் முதல் திரை. பிள்ளையிடம் ஏதோ மாற்றம் தெரிகிறது, எங்கே தொடங்குவது என்று புரியவில்லை என்கிற பெற்றோருக்கும், புதிதாகப் பணிக்கு வந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், நாட்டியம், சிலம்பம் கற்றுத் தருகிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி.

முதல் படி: ஓடாத நாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்

எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறாள், எத்தனை மணி நேரம் ஜிம்மில் இருக்கிறான் என்ற கணக்கு உங்களுக்கு அதிகம் உதவாது. போட்டிக்குத் தயாராகும் ஆரோக்கியமான பிள்ளையும் நிறையப் பயிற்சி செய்யும். பயிற்சி நின்றுபோகும் நாள்தான் வேறுபாட்டைக் காட்டும். அதற்கு நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையே போதும். மைதானம் குளமாகிவிடும், பள்ளிக்கு விடுமுறை விட்டுவிடுவார்கள். சாதாரணப் பிள்ளை இன்னும் ஒரு மணி நேரம் போர்த்திக்கொண்டு தூங்கும். எழுந்ததும் சூடாக ஏதாவது கேட்கும். கட்டாயத்தில் சிக்கிய பிள்ளைக்கு அந்த நாள் நரகம். காரணமில்லாமல் எரிந்து விழும், வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்கும், கொட்டும் மழையிலும் கிளம்பிவிடும், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே பயிற்சி செய்யும்.

"இன்று ஓடவில்லை, அதனால் சாப்பாடு வேண்டாம்." இந்த ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சோற்றை உழைத்துச் சம்பாதிக்க வேண்டும், சாப்பிட்டதற்குத் தண்டனையாக ஓட வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது என்று பொருள்.

2011-இல் ஆய்வாளர்கள் உருவாக்கிய கம்பல்சிவ் எக்ஸர்சைஸ் டெஸ்ட் என்ற கேள்வித்தாள் இதை ஐந்து கோணங்களில் அளக்கிறது. பயிற்சியைத் தவறவிட்டால் குற்ற உணர்வு வருகிறதா, எடைக்காகவே செய்கிறார்களா, மனநிலையைச் சமாளிக்க அது ஒன்றுதான் வழியாக இருக்கிறதா, செய்வதில் மகிழ்ச்சி இல்லாமல் போய்விட்டதா, நேரமும் முறையும் இம்மியும் பிசகக் கூடாது என்ற பிடிவாதம் இருக்கிறதா? கேள்வித்தாள் கையில் இல்லாமலேயே இந்த ஐந்தையும் உங்களால் கவனிக்க முடியும். நான் முதலில் பார்ப்பது மகிழ்ச்சி இருக்கிறதா என்பதைத்தான். கபடியில் தோற்றுவிட்டும் சிரித்துக்கொண்டு வரும் பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. காய்ச்சலிலும் கால் வலியிலும் நிறுத்தாமல் பயிற்சி செய்வது. உட்காராமல் நின்றுகொண்டே படிப்பது. சித்திரை வெயிலில் வீடே வியர்த்துக் கிடக்கும்போது மின்விசிறியை அணைக்கச் சொல்வது. உடலில் எரிபொருள் குறைந்த பிள்ளைக்குத்தான் அப்படிக் குளிரும். முடி கொட்டுவது, மலச்சிக்கல், எழுந்து நின்றதும் தலைசுற்றல். சோறு, எண்ணெய், இனிப்பு என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து விலகுவது. வீட்டில் எல்லோருக்கும் ஆசையாகச் சமைத்துப் பரிமாறிவிட்டுத் தான் மட்டும் சாப்பிடாமல் இருப்பது. கல்யாணப் பந்தியில் உட்காராமல் நழுவுவது.

விரதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். திங்கள், வெள்ளி, சஷ்டி, ஏகாதசி என்று வாரத்தில் ஒரு நாளாவது ஏதோ ஒரு விரதம் நம் வீடுகளில் இருக்கும். நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும் ரமலான் நோன்பு, வேளாங்கண்ணிப் பக்கம் தவக்காலம். அதுவரை பக்தியில் அவ்வளவு நாட்டம் இல்லாத பிள்ளை திடீரென்று விரதங்களை அடுக்கினால், பெருமைப்படும் முன் தட்டைப் பாருங்கள்.

ஆண் பிள்ளைகளை நாம் பெரும்பாலும் தவறவிட்டுவிடுகிறோம். இது நகரத்துப் பெண்களின் நோய் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது தவறு. ஆண் பிள்ளைகளிடம் இது மெலிய வேண்டும் என்ற ஆசையாக மட்டும் வராது. கொழுப்பே இல்லாமல் தசை மட்டும் தெரிய வேண்டும் என்ற வெறியாகவும் வரும். சீருடைப் பணித் தேர்வுக்கான ஓட்டம், கபடியின் எடை வரம்பு, ஜிம்மில் விற்கும் புரதப் பவுடர் எல்லாம் அதற்கு நல்ல காரணமாக வெளியே தெரியும். அதோடு, பிள்ளை ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பருமனாக இருந்து வேகமாக எடை குறைந்த பிள்ளை பார்ப்பதற்குச் சரியான உடல்வாகோடு இருந்தும் ஆபத்தில் இருக்கலாம்.

இரண்டாவது படி: பிடிவாதம் என்று நினைப்பதை நிறுத்துங்கள்

எல்லாவற்றையும்விட இதைத்தான் வீட்டில் உள்ளவர்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். பட்டினி கிடக்கும் உடல் சோர்ந்து படுத்துவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். சில உடல்களில் நேர்மாறாக நடக்கிறது. 1967-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் உணவு கிடைத்த எலிகளுக்கு ஓடுவதற்குச் சக்கரமும் கொடுத்தார்கள். அவை நாளுக்கு நாள் அதிகம் ஓடின, குறைவாகத் தின்றன, மெலிந்து இறந்தன. அதே ஒரு மணி நேர உணவு கிடைத்தும் சக்கரம் இல்லாத எலிகள் சமாளித்துக்கொண்டன. எலிக்குக் கண்ணாடி பார்க்கும் கவலை கிடையாது. குறைந்த உணவும் ஓட்டமும் சேர்ந்தாலே, மேலும் ஓடச் சொல்லும் ஒரு விசை உடலுக்குள் பிறந்துவிடுகிறது.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45-இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைப்பட்டினி உணவு கொடுத்துக் கண்காணித்தார். அவர்கள் எப்போதும் உணவையே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், சாப்பாட்டை மணிக்கணக்கில் அளைந்தார்கள், எரிச்சலும் சோகமும் கொண்டார்கள், நண்பர்களிடமிருந்து விலகினார்கள். தொடக்கத்தில் அவர்களுக்கு எந்த மனநோயும் இல்லை. சமையல் வீடியோக்களை விடாமல் பார்த்துக்கொண்டு, ஓர் இட்லியை நாற்பது துண்டாகப் பிய்க்கும் உங்கள் மகளின் குணம் மாறிவிட்டதாக நினைக்கிறீர்கள். அதில் பெரும்பகுதி பசியின் வேலை. உணவு திரும்பினால் குணமும் பெரும்பாலும் திரும்பும்.

எலும்புக்கும் இதில் பெரிய நஷ்டம் இருக்கிறது. வாழ்நாள் முழுவதற்குமான எலும்பு அடர்த்தியில் பெரும்பங்கு இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. கதிர் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் இல்லாத சம்பா பதராகிப் போவதை டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்த வயதில் தவறிய ஊட்டமும் அப்படித்தான். பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நிற்பதும், எலும்பில் நுண்முறிவு வருவதும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. ஆண் பிள்ளைகளுக்கு ஹார்மோன் குறைவது வெளியே தெரியாது. செய்யும் பயிற்சிக்குத் தேவையான உணவு கிடைக்காத விளையாட்டு வீரர்களுக்கு இருபாலரிலும் வரும் இந்த நிலைக்குச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் தனிப் பெயரே கொடுத்தது. இதயமும் எலும்பும் நோய் எதிர்ப்புச் சக்தியும் மனமும் சேர்ந்து கெடுகின்றன. போட்டியில் வேகமும் குறையும். சில பிள்ளைகள் வேறு எதற்கும் அசையாமல், இந்தக் கடைசிக் காரணத்தைக் கேட்டால் மட்டும் காது கொடுப்பார்கள்.

மூன்றாவது படி: பேசுங்கள், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வேண்டாம்

உறவினர் முன்னால் வேண்டாம். ஓடிவிட்டு வந்த கையோடும் வேண்டாம். மாலையில் திண்ணையிலோ மாடியிலோ தனியாக உட்கார்ந்து, நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "தம்பி, மழை பெய்த அந்த இரண்டு நாளும் நீ தூங்கவே இல்லை. அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது. டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வருவோம்." இவ்வளவு போதும். எடை, உருவம், எலும்பும் தோலும் என்ற பேச்சே கூடாது. "நன்றாகத்தானே இருக்கிறாய்" என்று சொன்னால் அவன் காதில் "குண்டாகிவிட்டாய்" என்று விழும். "இளைத்துவிட்டாயே" என்றால் பரிசு கிடைத்ததுபோல் இருக்கும்.

பிள்ளை மறுக்கும், கோபப்படும், ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்யும். ஒப்புக்கொண்ட பிறகு டாக்டரிடம் போகலாம் என்று காத்திருந்தால் மாதங்கள் போய்விடும். தனக்கு நோய் இருப்பது தெரியாமல் இருப்பதே இந்த நோயின் ஒரு பகுதி.

நம் வீடுகளில் அப்பா பலர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். வாரம் ஒருமுறை வீடியோ காலில் முகத்தைப் பார்த்ததும் உடம்பைப் பற்றித்தான் முதல் பேச்சு வரும். அவரிடம் முன்கூட்டியே பேசி, பள்ளியைப் பற்றி, நண்பர்களைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். தாத்தா பாட்டிக்கும் இதே ஏற்பாடு.

நான்காவது படி: மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும்

முதலில் குழந்தைகள் நல மருத்துவர். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகள் நலப் பிரிவு, மனநலப் பிரிவு இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். மனநலப் பிரிவு என்றதும் ஊர் என்ன சொல்லும் என்ற தயக்கம் வரும். உண்ணுதல் கோளாறு உயிரை எடுக்கக்கூடிய நோய்; அதில், எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் பட்டினி கிடக்க வைக்கும் அனோரெக்சியா மனநோய்களிலேயே அதிக இறப்பு விகிதம் கொண்டவற்றில் ஒன்று. ஊர்ப் பேச்சுக்கு அந்த எடை கிடையாது.

கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் உங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். ஆகவே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போதிருந்து மாற்றம், ஒரு நாளில் சாப்பிடுவது என்ன, பயிற்சி எவ்வளவு, எடை எப்படி மாறியது, கடைசி மாதவிலக்கு எப்போது, மயக்கம் வந்ததா, வாந்தி எடுப்பதாகச் சந்தேகமா. பயிற்சியைப் பற்றிச் சொல்ல மறக்கவே கூடாது. சொல்லாவிட்டால் "ரத்தச்சோகை, டானிக் குடி" என்பதோடு முடிந்துவிடக்கூடும்.

படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈசிஜி, ரத்தத்தில் சர்க்கரை, பொட்டாசியம், பாஸ்பேட் அளவுகள் பற்றிக் கேளுங்கள். காசநோய், தைராய்டு, நீரிழிவு ஆகியவையும் எடையைக் குறைக்கும். அவை இல்லை என்று உறுதி செய்துகொள்வது அவசியம். ஆனால் ரத்தப் பரிசோதனை முடிவுகள் சரியாக இருக்கின்றன என்பதாலேயே பிள்ளை நலமாக இருக்கிறது என்று வீடு திரும்பிவிடாதீர்கள். மிக மோசமான நிலை வரைக்கும் உடல் ரத்த அளவுகளைச் சமாளித்து வைத்திருக்கும்.

இரண்டு இடங்களில் விழிப்பாக இருங்கள். நாடித்துடிப்பு குறைவாக இருந்தால், "ஓட்டக்காரர் அல்லவா, இதயம் வலுவாக இருக்கிறது" என்று யாராவது சமாதானம் சொல்லலாம். போதிய உணவு இல்லாத பிள்ளையின் மெதுவான துடிப்புக்கு உடல் செலவைச் சுருக்குவதும் காரணமாக இருக்கலாம். அதை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். அடுத்தது, மாதவிலக்கை வரவழைக்கக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரை. மாத்திரையால் ரத்தப்போக்கு வரும், காரணம் அப்படியே இருக்கும், எல்லாம் சரியாகிவிட்டதாக வீடு நம்பிவிடும். மூன்று மாதம் மாதவிலக்கு நின்றாலோ, 15 வயதாகியும் பூப்படையாவிட்டாலோ சாப்பாட்டையும் பயிற்சியையும் பற்றி மருத்துவரிடம் சேர்த்துப் பேச வேண்டும்.

விழித்திருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இருப்பது, மயங்கி விழுவது, நெஞ்சு வலி, ஒன்றுமே உண்ணாமல் குடிக்காமல் இருப்பது, அடங்காத வாந்தி, குழப்பமாகப் பேசுவது, சாக வேண்டும் என்று சொல்வது: இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். இரவில் யாரிடமாவது பேச வேண்டுமானால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பிள்ளையே தனியாக அழைக்கக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

ஐந்தாவது படி: பயிற்சி நிற்கட்டும், சோறு திரும்பட்டும்

வளரிளம் பிள்ளைகளுக்கு நல்ல பலன் தருவதாக நிரூபணமான முறைகளில் முன்னிற்பது குடும்பம் வழியாகச் செய்யும் சிகிச்சை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவானது. அதன் அடிப்படை எளிது: என்ன சாப்பிடுவது, எவ்வளவு, எப்போது என்ற முடிவைக் கொஞ்ச காலத்துக்குப் பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளை குணமாகக் குணமாக, படிப்படியாக அந்தப் பொறுப்பை அதனிடமே திருப்பிக் கொடுக்கிறார்கள். யார் காரணம் என்று தேடுவதில்லை. இந்த முறையில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பக்கத்தில் கிடைக்காவிட்டாலும் மருத்துவரின் மேற்பார்வையில் இதன் அடிப்படைகளை வீட்டில் கடைப்பிடிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை முதலில். பல நாள் மிகக் குறைவாகச் சாப்பிட்ட பிள்ளைக்குத் திடீரென்று விருந்து வைத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். எவ்வளவில் தொடங்கி எப்படி உயர்த்துவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சாப்பிடத் தொடங்கிய நாட்களில் கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அதன் பிறகு மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு அல்லது மூன்று முறை சிற்றுணவு. தனி உணவு தேவையில்லை. பருப்பும் நெய்யும், நல்லெண்ணெய் ஊற்றிய இட்லிப் பொடி, மீன் குழம்பு, முட்டை, தயிர்ச் சோறு, வாழைப்பழம், கடலை உருண்டை என்று நம் சமையலறையில் இருப்பதே போதும். நீங்கள் பரிமாறுங்கள், கூடவே உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரமாவது பக்கத்திலேயே இருங்கள். அந்த நேரத்தில்தான் குற்ற உணர்வு உச்சத்தில் இருக்கும். பேச்சு வேறு எதைப் பற்றியாவது இருக்கட்டும். மிச்சம் வைத்தால் கெஞ்சல், மிரட்டல், பேரம் மூன்றும் வேண்டாம். "இது உனக்கு மருந்து, கண்ணு. நான் இங்கேயே இருக்கிறேன்" என்று அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஒரு வேளை தோற்றால் அடுத்த வேளை இருக்கிறது. வீட்டில் ஒருவர், "வேண்டாம் என்றால் விட்டுவிடேன்" என்று இரங்கினால் மொத்த முயற்சியும் உடையும். ஆகவே பெரியவர்கள் எல்லோரும் முன்னதாகவே ஒரே முடிவுக்கு வந்துவிடுங்கள். விரதத்தைப் பற்றி வீட்டுப் பெரியவரோ கோயில் குருக்களோ பங்குத் தந்தையோ ஒரு வார்த்தை சொன்னால் வேலை சுலபம். நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பதை இஸ்லாமும் தெளிவாகவே சொல்கிறது.

மருத்துவர் அனுமதிக்கும் வரை பயிற்சி முழுதாக நிற்க வேண்டும். விடியற்காலையில் தனியாக வெளியே போவதும், மூடிய அறைக்குள் நீண்ட நேரம் இருப்பதும் இப்போதைக்கு வேண்டாம். நிறுத்திய முதல் வாரங்களில் பதற்றம் மிக அதிகமாக இருக்கும். அந்த நேரத்தைச் சும்மா விட்டால் பிள்ளை அதனோடு தனியாகப் போராடும். சதுரங்கம், பல்லாங்குழி, தையல், வாய்ப்பாட்டு என்று உட்கார்ந்து செய்யும் வேலை எதுவும் நல்லது. படி எண்ணும் கைக்கடிகாரமும் கலோரி எண்ணும் செயலியும் போக வேண்டும். பிள்ளையிடம் சொல்லிவிட்டே எடுங்கள்.

ஆறாவது படி: மைதானத்திலும் நாட்டிய வகுப்பிலும்

ஆசிரியரின் ஒரு சொல், பெற்றோரின் நூறு சொல்லுக்குச் சமம். அந்தப் பலத்தை நல்லதற்குப் பயன்படுத்துங்கள். எல்லோர் முன்னாலும் எடை பார்த்துச் சத்தமாகப் படிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். எடை வரம்புக்காகப் போட்டிக்கு முந்தைய நாள் தண்ணீர் குடிக்காமல் கிடக்கும் பிள்ளையை அந்தப் பிரிவிலிருந்து மேல் பிரிவுக்கு மாற்றுங்கள். ஒரு கோப்பை போனால் போகட்டும். அரங்கேற்றத்துக்கு முன் இடுப்பைப் பற்றிச் சொல்லும் ஒரு வாக்கியம் ஆண்டுக்கணக்கில் ஒரு பெண்ணின் தட்டில் வந்து உட்காரும். நாட்டியம், நீண்ட தூர ஓட்டம், எடைப் பிரிவு உள்ள விளையாட்டுகள் ஆகியவற்றில்தான் இந்த ஆபத்து அதிகம் என்பதால் உங்கள் பொறுப்பும் அதிகம்.

சந்தேகம் வந்த பிள்ளையைத் தனியே அழைத்து, "ஓய்வும் பயிற்சிதான். டாக்டர் கடிதம் கொண்டுவரும் வரை நீ ஓடக் கூடாது. அணியில் உன் இடம் அப்படியே இருக்கும்" என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி வாக்கியம் இல்லாமல் முதல் இரண்டும் பலிக்காது. பிறகு பெற்றோரை வரவழையுங்கள். ஸ்கோர் எழுத, பந்து கொடுக்க, தாளம் தட்ட அந்தப் பிள்ளையைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது படி: திரும்பி வருவது

எடை, நாடித்துடிப்பு, பெண் பிள்ளை என்றால் மாதவிலக்கு, இவை திரும்பிய பிறகு மருத்துவர் அனுமதியோடு தொடங்கலாம். தனி ஓட்டத்தில் தொடங்க வேண்டாம்; கூடி விளையாடும் விளையாட்டாக இருக்கட்டும். வாரத்தில் சில நாட்கள், அளவான நேரம், கூடுதல் பயிற்சிக்கு ஏற்ற கூடுதல் உணவு, கட்டாய ஓய்வு நாள். ஓய்வு நாளைச் சிரமமில்லாமல் கடக்க முடிகிறதா என்று மறுபடியும் பாருங்கள். முடியவில்லை என்றால் ஒரு படி பின்னால் வாருங்கள்.

பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் சரியாக இருந்த எடை இன்று போதாது. மாதம் ஒருமுறை மருத்துவமனையில் எடையும் உயரமும் பார்ப்பதைக் குறைந்தது ஒரு வருடமாவது தொடருங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு, காதல் தோல்வி, அடிபட்டு ஓய்வில் இருக்கும் வாரங்கள், இடமாற்றம் போன்ற நேரங்களில் நோய் திரும்பி வரப் பார்க்கும். அப்போது கூடுதலாகக் கவனியுங்கள்.

பிளஸ் டூ முடித்து வெளியூர் விடுதிக்கு அனுப்பும் கட்டத்தில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. எடை இன்னும் சரியாகவில்லை என்றால் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய கல்லூரியாகப் பாருங்கள், அல்லது ஓர் ஆண்டு தள்ளிப்போடுங்கள். ஓர் ஆண்டு படிப்பை மீட்டுவிடலாம். சரியாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லி அனுப்பினால், விடுதிக் காப்பாளரிடமும் நம்பகமான ஒரு தோழியிடமும் பிள்ளைக்குத் தெரிந்தே விஷயத்தைச் சொல்லி வையுங்கள். அந்த ஊரில் மாதாந்தரப் பரிசோதனைக்கு எந்த மருத்துவமனை என்பதைச் சேர்க்கும் முன்பே முடிவு செய்து, முதல் தேதியையும் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.